கெசட்டில் கிடந்த என் குரல்

போன மாதம் ஜூட் வந்திருந்தான். என் மனைவியின் அண்ணன் மகன். முப்பது வயதாகிறது, கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாண வீடுகளுக்கு டீஜே வேலை செய்கிறான். என்னையும் அந்தத் தொழிலில் ஒரு பெரிய மனிதன் என்று நினைத்துக்கொண்டு அடிக்கடி வந்து எதையாவது கேட்பான். பாதிக்குப் பதில் சொல்வேன், மீதிக்குத் திட்டுவேன். அன்று ஒன்றும் கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் போனை என் காதருகே பிடித்தான்.

இரண்டு விநாடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. என் கையால் கோத்த மிக்ஸ்தான். பழைய அமெரிக்க ஃபங்க் பாட்டு ஒன்று, பேஸ் கிட்டார் முன்னே நடக்க ஊதுகுழல்கள் பின்னே வர, போய்க்கொண்டிருந்தது. அது அடங்கப்போகிற இடத்தில் ஓர் ஆண் குரல் மூச்சுக்குள்ளேயே எண்ணியது: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு என்றதும் அடுத்த பாட்டின் டிரம் டமார் என்று விழுந்தது.

"அங்கிள், இது உங்க கொரல்தானே? அந்தக் காலத்துலயே தமிழ்ல கவுண்ட் குடுத்திருக்கீங்களே" என்றான் ஜூட்.

வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் பழைய ஒலிநாடாக் கெசட் ஒன்றைச் சுத்தம் செய்து இணையத்தில் போட்டிருக்கிறாராம். கண்டியில் செய்த ஹிப்ஹொப், ஃபங்க் மிக்ஸ் என்று பெடியன்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்களாம். கீழே எனக்கு நன்றி சொல்லி இரண்டு வரி எழுதியிருக்கிறதாம். அதை வாசிக்கத் தொடங்கினான். முதல் வரி முடிவதற்குள் அணைடா என்று கத்திவிட்டேன். என் மனைவி லூர்து குசினியிலிருந்து ஓடி வந்தாள். ஜூட் ஒன்றும் புரியாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான். பாவம், அவன் என்ன செய்வான்?

அந்த நன்றி எனக்கு உரியதல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கண்டி மஹய்யாவயில் பிறந்து, இன்றும் மஹய்யாவயிலேயே இருக்கிறவன். அப்பா மாநகரசபைத் தொழிலாளி. எனக்குப் படிப்பு ஏறவில்லை. பத்தொன்பது வயதில் கண்டி டவுனில் நிஸ்தார் நானாவின் ரெக்கோடிங் பாரில் சேர்ந்தேன். பார் என்றதும் போத்தலை நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஆட்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டுகளைத் துண்டில் எழுதிக்கொண்டு வருவார்கள், நாங்கள் எங்களிடமிருந்த இசைத்தட்டுகளிலிருந்து அவற்றைக் கெசட்டில் பதிந்து கொடுப்போம். அதற்குப் பெயர்தான் ரெக்கோடிங் பார். முதல் இரண்டு வருஷம் லேபல் எழுதினேன், மெஷினின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அதில் எழுத ஒன்றுமில்லை.

மெஷினில் கை வைக்கத் தொடங்கிய காலத்தில் எண்பத்து மூன்று வந்தது. டவுனில் தமிழர் கடைகள் எரிந்த அந்த நாட்களில் நானும் அம்மாவும் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வெறும் தரையில் கிடந்தோம். நானா சோற்றுப் பார்சலோடு தேடி வந்தார். வேலை அப்படியே இருக்கிறது, வர முடிகிறபோது வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் தமிழ் பேசுவதை விட்டேன். இருமினாலும் சிங்களத்தில் இருமுகிற மாதிரி ஆகிவிட்டேன். ஆனால் எண்ணுவதை மட்டும் மாற்ற முடியவில்லை. மனுசனுக்கு எண்ணுவதும் ஏசுவதும் செபிப்பதும் தாய்ப் பாஷையில்தான் வருகிறது.

நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். இசைத்தட்டைத் தொடுமுன் தொழுகைக்குப் போகிறவர்போல் கையைக் கழுவித் துடைப்பார். தட்டின் விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படாது. ஆடுகிற பாட்டை விற்றுத்தான் பிழைப்பு, ஆனால் அவர் கால் விரலாலும் தாளம் போட்டதை நான் பார்த்ததில்லை. புதுத் தட்டு வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று எண்ணி, உறையின் மூலையில் பென்சிலால் எழுதுவார். நூற்றுப் பன்னிரண்டும் நூற்றுப் பதின்மூன்றும் சேரும், நூறும் நூற்றிருபதும் சேராது. சேராததைச் சேர்த்துக் கேட்கிறவர்களிடம் வேறு கடைக்குப் போகச் சொல்லிவிடுவார்.

முதல் ராப் தட்டு எங்கள் கடைக்கு வந்தது மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒருவரின் பெட்டியில். நானா போட்டுக் கேட்டார். பாட்டுக்காரன் பாடவே இல்லை, பேசிக்கொண்டே போனான். மார்க்கெட்டில் மீன் ஏலம் போடுகிறவனை யாரோ டிரம்முக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள் என்றார் நானா. ஆனால் அந்த டிரம்மை மட்டும் மூன்று தரம் திரும்பக் கேட்டார். அதிலிருந்து பழைய ஃபங்க் பாட்டுகளையும் புது ராப் பாட்டுகளையும் இடைவெளி இல்லாமல் கோத்து, பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம் ஓடுகிற மிக்ஸ் கெசட்டுகளைச் செய்யத் தொடங்கினோம். தட்டை விரலால் முன்னும் பின்னும் இழுத்துக் கீச் கீச் என்ற சத்தத்தையும் நான் இடையிடையே சேர்த்தேன். பேராதனையிலிருந்து ஒரு ஆசிரியர் கெசட்டைத் திருப்பிக் கொண்டு வந்து, உங்கள் ஊசி பழுதாகிவிட்டது, யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கிறது என்று சண்டை போட்டார். வேறு கெசட் கொடுத்து அனுப்பினோம்.

இனி, வேலை நடக்கிற விதம். ஜூட்டுக்கு இப்போது கம்ப்யூட்டர் எண்ணிக் கொடுத்துவிடுகிறது. எங்களுக்கு வாய்தான். ஒரு இசைத்தட்டு மெஷினில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மற்ற மெஷினில் அடுத்த தட்டை, தொடங்குகிற இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டு நிற்பேன். தட்டு வழுக்குவதற்கு அடியில் வட்டமாக வெட்டிய பொலித்தீன் ஒன்று. ஓடுகிற பாட்டோடு சேர்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணி, நாலில் விரலை எடுப்பேன். எண்ணாமல் விட்டால் எனக்குக் கை வராது.

இரண்டு மெஷினுக்கும் நடுவில் ஒரு மைக் நின்றது. வேறு கடைக்காரர்கள் எங்கள் மிக்ஸைப் பிரதி எடுத்து விற்காமலிருக்க, பக்கத்துக்கு இரண்டு இடத்தில் நானா தன் இங்கிலீஷில் கடைப் பெயரைச் சொல்வார். சொல்லி முடித்ததும் மைக்கின் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை நம்பாதே, வயரை இழு என்பது நானாவின் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்காமல் எந்தக் கெசட்டும் கடையை விட்டுப் போகக்கூடாது.

எங்கள் பதினாலாவது மிக்ஸுக்கு லேபலில் எம் 14 என்று மட்டும் எழுதினோம். எந்தப் பாட்டுகள் என்று எழுதினால் போட்டிக் கடைக்காரன் கண்டுபிடித்துவிடுவான், அதனால் வெறும் நம்பர். அதற்கு ஓடர் கொடுத்தவர் ரவீந்திரன். யாழ்ப்பாணத்துப் பக்கத்தவர். கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் படவரைஞர், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அறை எடுத்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. நாள் முழுக்க அடிமட்டம் வைத்துக் கோடு போடுகிற மனிதர், மாலையில் கடைக்கு வந்தால் கவுண்டருக்கும் அலுமாரிக்கும் நடுவில் இருக்கிற மூன்றடி இடத்தில், முழங்கையை மட்டும் அசைத்து அப்படி ஒரு ஆட்டம் ஆடுவார். நானா பார்க்காத மாதிரி இருப்பார்.

எம் 14-இன் ஏ பக்கத்தைப் பதிந்த அன்று, நானா தன் குரலைக் கொடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். நான் வயரை இழுக்க மறந்தேன். மூன்று இடத்தில் என் எண்ணிக்கை கெசட்டில் ஏறிவிட்டது.

அடுத்த நாள் நானா கேட்டார். முதல் இடத்திலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டார். ஏ பக்கத்தைத் திரும்பச் செய்யச் சொன்னார். இந்தக் காலத்தில் யார் என்ன நினைப்பார்கள் என்று நமக்குத் தெரியாது என்றார். அது உண்மைதான். வடக்கில் நடக்கிற போருக்கு ஒரு பயம், தெற்கில் நடக்கிற கிளர்ச்சிக்கு ஒரு பயம், இரண்டுக்கும் சேர்த்து ரோட்டில் ஒரே செக்பொயிண்ட் என்றிருந்த வருஷங்கள் அவை. நான் தலையை ஆட்டினேன்.

ஆனால் செய்யவில்லை. இடையில் வெட்டி ஒட்ட முடியாது, நாற்பத்தைந்து நிமிஷத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. எனக்கு அது பிடித்திருந்தது. அந்த அமெரிக்கத் தட்டுகளில் எவனாவது ஒருவன் எண்ணித்தான் பாட்டைத் தொடங்குவான். இப்போது நானும் எண்ணியிருக்கிறேன். பஸ்ஸில் வாய் திறக்காதவனின் குரல் கெசட்டில் கிடக்கிறது. மாலையில் ரவீந்திரன் வந்து கேட்டார், முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணை, உந்தக் குரலை எடுக்காதேங்கோ. அதுதான் நல்லா இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஒரு பிரதி எடுத்து அவரிடம் கொடுத்தேன், இன்னொன்றை எனக்கு எடுத்து ஒளித்து வைத்தேன். நானாவிடம் அழித்துவிட்டேன் என்று சொன்னேன். என் வார்த்தையை நம்பி, நானா அந்த ஒரு கெசட்டை மட்டும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெட்டது இன்னொருவர்.

பௌர்ணமிப் போயா லீவு நாளில் ரவீந்திரன் கம்பளைக்குப் பஸ் ஏறினார். கந்தோர் நண்பர் ஒருவர் வீட்டில் விருந்து, அதற்குத்தான் அந்தக் கெசட். வழியில் செக்பொயிண்ட். எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்தது. பையில் எம் 14 என்று மட்டும் எழுதிய கெசட். போட்டுக் கேட்டிருக்கிறார்கள். கீச் கீச் என்று வயர்லெஸ் மாதிரி சத்தம், தமிழில் ஒண்ணு ரெண்டு மூணு நாலு, உடனே டமார். பயிற்சி கொடுக்கிற கெசட் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன? எனக்கே இன்று கேட்கும்போது அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த நாள் காலை, கெசட்டில் நானா சொன்ன கடைப் பெயரை வைத்துக் கண்டுபிடித்து, கடைக்கு டெலிபோன் பண்ணினார்கள். எந்தக் காவல் நிலையம் என்று எழுத மாட்டேன். நானா ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏ பக்கத்துல எண்ணுற சத்தம் ஈக்கிதாம். அழிச்ச எண்டு செல்லித்தானே வெச்ச, பிலிப்பு?"

அவர் ஏசவில்லை. கையைக் கழுவினார், சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார், பஸ் ஏறிப் போனார். அங்கே போய் அது தன் குரல் என்று சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர், வயதான மனிதராம், அப்படியானால் எப்படிச் செய்கிறீர்கள் என்று காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். நானாவுக்குக் காது உண்டு, கை கிடையாது. மெஷினும் அங்கே இல்லை. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு ஒரு வழி சொன்னார். குரலுக்குரிய ஆள் நாளைக்கு நாலு மணிக்குள் வந்து, தன் கண் முன்னால் அதே மாதிரிச் செய்து காட்டினால், பாட்டுக் கெசட் என்று தன் புத்தகத்தில் எழுதி அந்தப் பிள்ளையை விட்டுவிடலாம். நாலு மணிக்குக் கொழும்பிலிருந்து ஜீப் வரும். அதில் ஏற்றிவிட்டால் பிறகு தன் கையில் ஒன்றும் இல்லை.

பின்னேரம் நானா திரும்பி வந்து இதைச் சொன்னார். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். "யார்ட குரல் எண்டு கேட்டு அடிச்சீக்கிறாங்க. தெரியா எண்டுதான் செல்லீக்கிறார். உங்கட பேர செல்லல்ல."

மெஷின்களும் மிக்ஸரும் ஸ்பீக்கரும் ஏற்றினால் திரீவீலரில் நானாவுக்கு மட்டும்தான் இடம். நான் அந்த இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றேன். அதைச் சொன்னவன் நான்தான், நானா அல்ல.

பெண்டாட்டி தடுத்தாள், கைக்குழந்தையைக் காட்டி அழுதாள் என்று இந்த இடத்தில் எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். லூர்து தடுக்கவில்லை. குழந்தை பிறந்து இரண்டு மாதம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாங்க. அந்தத் தம்பி உங்களக் காட்டிக் குடுக்கலயே" என்றாள். காலையில் சட்டையை அவளே அயர்ன் செய்து கொடுத்தாள்.

எட்டு மணிக்கெல்லாம் கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கையில் பை, பைக்குள் அட்டைக்கு நடுவில் இரண்டு தட்டுகள். முதல் கம்பளை பஸ் நிரம்பி வழிந்தது. தட்டு நெரிபடும் என்று விட்டேன். இரண்டாவதில் ஒரு ஆமிக்காரன் உட்கார்ந்திருந்தான். லீவில் வீட்டுக்குப் போகிறவன், மடியில் பாண் பார்சல் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தான். அதையும் விட்டேன். மூன்றாவதில் ஜன்னலோரம் இடம் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டான். கம்பொல என்று சிங்களத்தில் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இரண்டாம் தரம் கேட்டான். நான் எழுந்து இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனை பஸ் போனது என்று எனக்குத் தெரியும். எழுத வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு தரமும் அடுத்ததில் ஏறுவேன் என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு தேத்தண்ணி குடித்தேன். இரண்டு மணிக்கு, இப்போது ஏறினாலும் நேரம் சரியாக இருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். மூன்று மணிக்கு, இனி ஏறிப் பயனில்லை என்று கணக்குப் பார்த்தேன், அப்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஆம், நிம்மதி. அந்த நிம்மதிக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நாலு மணி கழிந்த பிறகு வீட்டுக்குப் போய், எல்லாம் நல்லபடி முடிந்தது என்று லூர்துவிடம் சொன்னேன். அவள் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். எனக்கு முட்டை பொரித்துச் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் நானா வீட்டு வாசலில் நின்றார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தரம். முதல் நாள் முழுக்க அந்தக் காவல் நிலைய விறாந்தையில், தட்டில்லாத இரண்டு மெஷின்களோடு உட்கார்ந்திருந்த மனிதர். லூர்து முந்திக்கொண்டு, உங்கள் இரண்டு பேராலும்தான் ஒரு உயிர் தப்பியது நானா, கடவுள் உங்களை நல்லா வைத்திருக்க வேண்டும் என்று கைகூப்பினாள். நானா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னம் கொஞ்சம் வேல ஈக்கி, தங்கச்சி. பிலிப்ப கூட்டிட்டுப் போகத்தான் வந்த" என்றார்.

என் மானத்தை என் வீட்டு வாசலிலேயே காப்பாற்றிவிட்டு அவர் முன்னால் நடந்தார். அவர் இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மெஷின்கள் காவல் நிலைய விறாந்தையில் ஒரு பெஞ்சின் மேல் அப்படியே இருந்தன. இன்ஸ்பெக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, மூக்குக் கண்ணாடி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போடுங்கள் பார்ப்போம் என்று சிங்களத்தில் சொன்னார். தட்டுகளை எடுத்து வைத்தேன். வெட்கக்கேடு, தட்டைத் தொட்டதும் கை தன் வேலையைத் தானே செய்யத் தொடங்கியது. ஃபங்க் பாட்டை ஓடவிட்டு, மற்றத் தட்டைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கத் தமிழில் எண்ணினேன். நாலில் விரலை எடுத்தேன். டமார். ஒரு இழை பிசகவில்லை. பொலிஸ்காரர்கள் ஜன்னலில் கூடிவிட்டார்கள், ஒருவன் சப்பாத்துக் காலால் தாளம்கூடப் போட்டான். இன்ஸ்பெக்டர் இன்னொரு தரம் செய்யச் சொன்னார். பிறகு தானும் விரலால் தட்டைப் பிடித்துப் பார்த்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நல்லது, இது வெறும் பாட்டுத்தான் என்றார். நேற்று நாலு மணிக்கு முன் வந்திருந்தால் இதை எழுதியிருப்பேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ரவீந்திரனின் பெயருக்கு எதிரே, கொழும்புக்கு அனுப்பப்பட்டார் என்று எழுதியிருந்தது. இருந்தாலும் ஒரு கடிதம் எழுதி அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினார் என்றுதான் நினைக்கிறேன். அது எந்த மேசைக்குப் போனதோ, எங்கே கிடந்ததோ, ரவீந்திரன் வெளியே வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

திரும்பி வரும்போது என்னையும் நெருக்கிக்கொண்டு திரீவீலரில் ஏற்றினார் நானா. மடியில் மெஷினை வைத்துக்கொண்டு வந்தேன். பேராதனை தாண்டியதும், நாளைக்கு ஏ பக்கத்தைத் திரும்பச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். செய்தேன், வயரை இழுத்துவிட்டு. அவர் முழுதாக உட்கார்ந்து கேட்டார். அதற்குப் பிறகு நான் செய்த எந்தக் கெசட்டையும் என் வார்த்தையை நம்பி அவர் விட்டதில்லை.

ஒரு மாதம் கழித்து ரவீந்திரனின் தாய் வந்தார். மகன் எந்த முகாமில் இருக்கிறான் என்று தேடி, யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு நாள் பிரயாணம் செய்து வந்தவர். கடைக் கதிரையில் ஓரமாக உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார். நடந்ததெல்லாம் யாரோ அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குரலுக்குரிய தம்பி ஏன் ஒரு நாள் பிந்தினவர் என்று நானாவிடம் கேட்டார். நான் கெசட் அடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். நானா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"அவருக்குக் கடும் காய்ச்சல், அம்மா. அடுத்த நாள் காய்ச்சலோடதான் வந்த."

அந்தத் தாய் என் பக்கம் திரும்பினார். "இப்ப சுகமோ, தம்பி?" என்று கேட்டார்.

சுகம் என்று சொன்னேன். எனக்கு வேறு என்ன வாய் இருக்கிறது? நானா அந்தப் பொய்யை ஏன் சொன்னார் என்று நான் கேட்டதில்லை. எனக்காகச் சொன்னாரா, ஒரு பயந்தாங்கொள்ளியால் மகன் போனான் என்று அந்தத் தாய்க்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னாரா, இன்றைக்கும் தெரியாது.

விடுதலையான ரவீந்திரன் ஒரு பகல் நேரத்தில் கடைக்குள் வந்து நின்றார். மெலிந்திருந்தார். நான் பேசப் பேச முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "அண்ணை, இஞ்சாலப் பக்கம் வந்து கதையுங்கோ. இடது காது இப்ப கேக்கிறேல்ல" என்றார். அதைச் சொல்லும்போதும் சிரித்தார். கவுண்டருக்கும் அலுமாரிக்கும் நடுவில் அந்த மூன்றடி இடம் அப்படியே இருந்தது. அவர் அதற்குள் வரவில்லை.

ஒளித்து வைத்திருந்த எம் 14-ஐ எடுத்துக் கொடுத்தேன். ஹெட்போனை வலது காதில் மட்டும் வைத்துக் கேட்டார். என் எண்ணிக்கை வந்த இடத்தில் கண்ணை மூடினார். உள்ளே இருந்த நாட்களில் பொழுது போகாவிட்டால் ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்று தொடங்கி, ஏ பக்கம் முழுவதையும் மனத்துக்குள்ளேயே ஓட்டுவாராம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காய்ச்சலோடயும் எழும்பி வந்து செய்து காட்டினீங்களாம். அம்மா சொன்னவ. நான் அதை மறக்கமாட்டன் அண்ணை."

நானா கவுண்டரில் ஏதோ தட்டுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். பென்சில் நின்றது. நான் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார், எனக்கு நன்றாகத் தெரியும்.

"அதுக்கென்ன தம்பி" என்றேன்.

பென்சில் திரும்ப ஓடத் தொடங்கியது. ரவீந்திரன் கெசட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அந்த வருஷமே வெளிநாடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நானா காலமாகிப் பல வருஷமாகிறது. கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். நான் அதற்குப் பிறகு சவுண்ட் வாடகைக்குக் கொடுக்கிற கடையொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். அந்த வருஷங்களில் எத்தனையோ மைக்கை எத்தனையோ பேருக்குக் கொடுத்தேன். நான் மைக்கில் பேசியதில்லை, டெஸ்டிங் என்றுகூட.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஜூட்டைத் திரும்பக் கூப்பிட்டேன். அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன், அந்த இரண்டு வரியையும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். கடும் காய்ச்சலோடு எழுந்து வந்து, தன் உயிரையும் பாராமல் எனக்காகச் செய்து காட்டிய பிலிப் அண்ணைக்கு இது சமர்ப்பணம் என்றிருந்தது. லூர்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முட்டை பொரித்த அந்த இரவிலிருந்து அவளும் ஏதோ ஒரு கதையை நம்பிக்கொண்டிருக்கிறவள்தான்.

அந்த மனிதருக்குப் பதில் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். எழுதலாம் அங்கிள், இல்லாவிட்டால் உங்கள் குரலிலேயே பேசி அனுப்பலாம் என்றான் ஜூட். குரலிலேயே அனுப்புவோம் என்றேன். சிவப்புப் புள்ளியை அழுத்தி, போனை என் வாயருகே பிடித்தான். எனக்குள் நாலு வரை எண்ணிக்கொண்டேன்.

"தம்பி ரவி, பிலிப் பேசுறேன். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல. நாலு மணி வரைக்கும் நான் பஸ் ஸ்டாண்டுலதான் நின்னேன்."